காற்றை அளந்த பிறகே அமிலம்

தாம்பரம் நல்ல காற்றுக்குப் பேர்போன ஊர். காசநோயாளிகளுக்காக இங்கே சானடோரியம் எழுந்தது 1928இல். அந்த ஊர்ப்பக்கத்துக் கல்லூரி ஒன்றின் வேதியியல் ஆய்வகத்தில்தான் நான் உதவியாளனாக இருந்தேன்.

எண்பதுகளில் சால்ட் அனாலிசிஸ் நாளென்றால் கிப் உபகரணத்திலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் வராந்தாவைத் தாண்டும். மூலையில் ஒரு ஃபியூம் ஹூட். கண்ணாடிக் கூண்டு, மேலே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். கோடை விடுமுறை முடிந்து திறந்ததும் சுவிட்சைப் போடுவோம். சத்தம் கேட்டால் வகுப்பு தொடங்கிவிடும்.

"அண்ணா, இப்போ நாத்தமே தெரியல. ஃபேன் நல்லா இழுக்குது போல" என்பான் ஒரு மாணவன். அந்த வாயு அடர்ந்தால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் தெரியாததே ஆபத்தின் அடையாளமாகலாம்.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது. மே 7 விடியலில் விசாகப்பட்டினத்து எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையில், ஊரடங்கில் ஸ்டைரீன் தேங்கிக் கிடந்த தொட்டி சூடேறிக் கசிந்து 12 பேர் இறந்தார்கள். ஆலைகளைத் திறக்கும்போது முதல் வாரத்தைச் சோதனை ஓட்டமாகவே கொள்ள வேண்டும் என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவுறுத்தியது. ஆய்வகத்துக்கும் அதுவே விதி என்று கொண்டோம்.

டிசம்பர் 2 முதல் முதுநிலை இறுதியாண்டு அறிவியல் மாணவர்கள் வரலாம் என்றது அரசு. அதற்கு முன்பே மாடி ஏறினோம். புகைக்குழாய் வாயில் புறாக்கூடு. புளோயரின் பெல்ட் தளர்ந்திருந்தது. சிங்க்கின் அடியில் வளைகுழாய்த் தண்ணீர் வற்றி, சாக்கடைக் காற்று மேலே வந்துகொண்டிருந்தது. ஒரு மோட்டார் ஃபேஸ் மாறித் தலைகீழாகச் சுற்றியது. அப்படிச் சுற்றினாலும் மையவிலக்கு வகைப் புளோயர் கொஞ்சம் இழுக்கும்; சத்தமும் குறையாது. காற்றின் வேகத்தை அளக்கும் அனிமோமீட்டர்தான் காட்டிக்கொடுத்தது. கண்ணாடியை வேலை செய்யும் உயரத்தில் நிறுத்தி, திறப்பின் பல இடங்களில் அளந்தோம். நொடிக்கு ஏறத்தாழ அரை மீட்டர் வேகம் வேண்டும். மிகுந்தாலும் கெடுதல், காற்று சுழன்று வாயு வெளியே வரும். பிறகு புகை விட்டு, அது முழுவதும் உள்ளே போகிறதா என்று பார்த்தோம்.

பழுதுபார்க்கப் புகைக்குழாயைக் கழற்றப்போகும் தொழிலாளியிடம் அந்தக் கூண்டில் இதுவரை எவை கொதித்தன என்று சொல்லியே ஆக வேண்டும். பெர்குளோரிக் அமிலம் காய்ச்சிய கூண்டின் குழாயில் படியும் உப்பு, தட்டினாலே வெடிக்கக்கூடியது.

அன்று எங்கள் காதுகளை நம்பினோம். இன்று அளவை நம்புகிறோம். ஆய்வகப் பொறுப்பாளர்களே, சோதித்த தேதியையும் காற்றின் வேகத்தையும் எழுதி ஒவ்வொரு ஃபியூம் ஹூடிலும் ஒட்டுங்கள். அந்தச் சீட்டு இல்லாத கூண்டில் வேலை செய்ய மறுக்கும் உரிமையை மாணவருக்கும் உதவியாளருக்கும் எழுத்தில் கொடுங்கள்.