பத்துக்குப் பத்து

அமெரிக்காவில் ஏறத்தாழ 9,000 கூட்டரசுக் கட்டடங்களைக் காக்கும் பொறுப்பு கூட்டரசுப் பாதுகாப்புச் சேவை என்னும் அமைப்புக்கு உரியது. எனினும், வாயிலில் நின்று பைகளைச் சோதிப்போர் பெரும்பாலும் அதன் சொந்தக் காவலர்கள் அல்லர், தனியார் நிறுவனங்கள் வழியே ஒப்பந்தத்தில் பெறப்பட்ட காவலாளிகளே ஆவர். இக்காவலின் திறனை அளக்க, அரசின் செலவையும் செயலையும் நாடாளுமன்றமான காங்கிரஸுக்காகத் தணிக்கை செய்யும் அரசுப் பொறுப்புடைமை அலுவலகம், 2009இல் மறைமுகச் சோதனையை, அதாவது சோதிப்பவர் இன்னார் என்று அறிவிக்காமல் நடத்தும் சோதனையை, மேற்கொண்டது. வெடிகுண்டின் உதிரிப் பாகங்களுடன் 10 கட்டடங்களுக்குச் சென்ற ஆய்வாளர்கள் பத்திலும் தடையின்றி நுழைந்து, கழிப்பறையில் அவற்றைப் பொருத்தியும் முடித்தனர் என்பதால், அரசு அலுவலகத்தில் வந்த வேலை காத்திருப்பின்றி முடிந்த அரிய நிகழ்வாக இதனைக் கொள்ளலாம்.

2011இல் டெட்ராயிட் நகரின் மெக்நமாரா கூட்டரசுக் கட்டடத்துக்கு வெளியே கிடந்த பையைக் காவலாளி ஒருவர் உள்ளே கொண்டுவந்து வைக்க, அதில் வெடிகுண்டு இருப்பதைக் கண்டறிய ஏறத்தாழ மூன்று வாரங்கள் ஆயின; கண்டெடுத்த பொருளை உரியவர் வரும்வரை பத்திரமாக வைத்திருப்பதும் ஒருவகைப் பாதுகாப்பே.

2024இல் அதே தணிக்கையாளர்கள் தடி, மிளகுத் தெளிப்பான் போன்றவற்றுடன் நடத்திய 27 சோதனைகளில் ஏறத்தாழப் பாதி பிடிபடவில்லை. முழுத் தோல்வி பாதித் தோல்வியாகச் சுருங்கியதை முன்னேற்றம் என்றும் வாதிடலாம். நடக்காத தாக்குதல்கள் யாவும் சேவையின் கணக்கில் வரவாகவும், நடந்த சோதனைகள் மட்டுமே செலவாகவும் எழுதப்படுவதால், தணிக்கையாளர் வராத ஆண்டுகளில் இக்காவல் குறையின்றி இயங்குகிறது என்பதே முறையான மதிப்பீடாகும்.