என்ட்ரி லெவல் அண்ணன்

ராமநாதபுரம் மாவட்டக் கரையோரத்து வாலிநோக்கத்தில் ஒரு சைக்கிளுக்கு மூன்று விலை உண்டு. வீட்டில் சொன்னது 12,000. டீக்கடையில் சொன்னது 40,000. பில்லில் உள்ளது இரண்டுக்கும் நடுவில். அந்தப் பில் எங்கே இருக்கிறது என்பது அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும்.

அண்ணன் என்றால் ஒரே ஒருவர் இல்லை. சிக்கல், ஏர்வாடி, சாயல்குடி, கீழக்கரை என்று இந்தப் பக்கம் ஊருக்கு ஒருவராவது இப்போது இருக்கிறார். வயது நாற்பதை ஒட்டி. ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை ‘பார்டர்’ என்று வந்திருக்கும். டாக்டர் நடக்கச் சொல்லியிருப்பார். நடப்பதற்குச் செருப்பு போதும், அதில் வாங்குவதற்கு ஒன்றுமே இல்லை. அதனால்தான் ஹேண்டில்பார் வளைந்த ரோடு பைக்.

வண்டி வந்திறங்கிய அன்று தெருவே கூடிப் பார்த்தது. ஸ்டாண்டு எங்கே? வராதாம். கேரியர்? கிடையாதாம். மட்கார்டு, செயின் கவர்? எதுவும் இல்லையாம். “பாதி வண்டியக் குடுத்துட்டு முழுக் காசு வாங்கிட்டானே!” என்று ஒரு பெரியவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். “இந்தக் காசுக்கு நல்ல செகண்ட் ஹேண்ட் ஸ்பிளெண்டரே எடுத்திருக்கலாம்” என்று சொல்லாமல் விட்டவர்கள் ஊரில் இன்னும் பேச்சு வராத குழந்தைகள் மட்டும்தான். எல்லாருக்கும் அண்ணனிடம் ஒரே பதில்: “இது என்ட்ரி லெவல்தான்.” கேட்காதவர்களிடமும் அதைச் சொல்லிவிடுவார். அதில் பாதி அடக்கம். மீதி, அடுத்து இன்னொன்று வரப்போகிறது என்ற முன்னறிவிப்பு.

அந்த ஒல்லி சீட்டில் உட்கார, பஞ்சு வைத்துத் தைத்து தொடையோடு ஒட்டிப் பிடிக்கும் டவுசர் அவசியம். அது இல்லாமல் இருபது கிலோமீட்டர் போனவர் மறுநாள் நின்றுகொண்டேதான் சாப்பிடுவார். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு பள்ளிவாசல் தெருவைக் கடக்கும் துணிச்சல் இன்னும் யாருக்கும் வரவில்லை. ஆகவே விடிகாலையில் டவுசருக்கு மேலே கைலி கட்டி, மடித்துச் செருகிக்கொண்டு, சந்தேகத்துக்கு இடமில்லாத குடும்பஸ்தராகத்தான் அண்ணன் கிளம்புவார். கடைசி வீடு தாண்டியதும் இறங்கி, கைலியை அவிழ்த்து நாலாக மடித்து, பனியனின் முதுகுப் பையில் திணித்துக்கொள்வார். காற்றைக் கிழிப்பதற்கென்று தைத்த உடையின் முதுகில் ஒரு கைலி மூட்டை. ஏரோடைனமிக்ஸ் படித்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

காற்று விஷயத்தில் அண்ணனின் கணக்கே தனி. ஆனி, ஆடியில் இங்கே மேல்காற்றான கச்சான் அடிக்கும். ஏர்வாடி நமக்கு வடகிழக்கே இருப்பதால் போகும்போது காற்று முதுகைப் பிடித்துத் தள்ளும். போனில் வேகம் 34 என்று காட்டும். ஏர்வாடியில் டீ சொன்ன கையோடு அந்த 34-ஐ ஸ்டேட்டஸில் போடுவார்: “புது டயர். செம ரோலிங்.” திரும்பும்போது அதே கச்சான் மூஞ்சியில் அறையும். வேகம் 14. அதற்குக் காரணம் பெடல் அச்சில் இருக்கும் பாட்டம் பிராக்கெட் பேரிங்காம். ஆக 34-க்கு டயர், 14-க்குப் பேரிங், காற்றுக்கு இரண்டிலுமே பங்கில்லை. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் கரையில் பிறந்தவர் இப்படிப் பேசினால், காற்றை யாரும் ஆன்லைனில் விற்பதில்லை என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

அந்த 14-ல் அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது, பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிளில், கேரியரில் தோழியையும் வைத்துக்கொண்டு, ஒரு பதினோராம் வகுப்புப் பெண் அவரைத் தாண்டிப் போவாள். போகிற போக்கில் அக்கறையாகக் கேட்பாள்: “அங்கிள், செயின் கழண்டுருச்சா?” கழன்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

அடுத்தது முள். சீமைக்கருவேலம் இல்லாத சாலையை ராமநாதபுரம் மாவட்டத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வெட்டச் சொல்லி உத்தரவு போட்டும் அசையாமல் நிற்கும் மரம் அது. கரிமூட்டத்துக்கு விறகு ஏற்றிப் போகும் வண்டிகள் வழியெல்லாம் முள்ளைச் சிந்திக்கொண்டே போகும். 25 மில்லிமீட்டர் டயருக்கு அது என்ன மரியாதை கொடுக்கப்போகிறது? முதல் பஞ்சரில் அண்ணன் யூடியூப் பார்த்து டியூபை மாற்றினார். கால் மணி நேரத்தில் அதே இடத்தில் மறுபடி பஞ்சர். வண்டியைத் தள்ளிக்கொண்டு, ஊரில் ‘காக்கா’ என்று அழைக்கும் சைக்கிள் கடைப் பெரியவரிடம் போனார். காக்கா டியூபைத் தொடவே இல்லை. கொஞ்சம் பஞ்சை எடுத்து டயரின் உள்பக்கமாகச் சுற்றி ஓட்டினார். ஓரிடத்தில் இழை மாட்டியது. குறட்டால் அங்கிருந்து முள்முனை ஒன்றைப் பிடுங்கி அண்ணன் உள்ளங்கையில் வைத்தார். பிறகுதான் காற்று.

“என்ன தம்பி, வால்வு மூக்குல திருகு வச்சிருக்கான்?”

“பிரெஸ்டா வால்வு காக்கா. அந்தக் குட்டி நட்டத் தெறந்துட்டு அடிக்கணும்.”

“எம்புட்டு அடிக்க?”

“தொண்ணூறு பி.எஸ்.ஐ.”

காக்காவின் அளவுமானி வலது கைக் கட்டைவிரல்தான். அடித்து முடித்து ஒரு அமுக்கு அமுக்கினார். “இருக்கு” என்றார். அண்ணன் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து மீட்டர் வைத்த பம்பை மாட்டிப் பார்த்தார். 88.

முள்ளாவது குத்திய உடனே சொல்லிவிடும். உப்பு சொல்லாது. 1974-ல் தொடங்கிய தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் அளங்கள் இருப்பது இங்கே, மாரியூர் – வாலிநோக்கம் பகுதியில். 2014-ல் ‘அம்மா உப்பு’ என்று பாக்கெட்டில் ஊரெல்லாம் போனதும் அந்த நிறுவனத்தின் உப்புதான். பாத்தியில் வாரியது போக மிச்சம் காற்றில் ஏறி வந்து அண்ணனின் வண்டியில் உட்காரும். அலுமினிய ஃபிரேமுக்குத் துருப் பிடிக்காது என்று சொல்லித்தான் விற்றார்கள். பொய்யில்லை. ஆனால் அலுமினியத்துக்குள் இரும்பு போல்ட்டை முறுக்கி நடுவே உப்பீரமும் பட்டால் அது ஒரு சின்ன பேட்டரி. அதில் அரிபடுவது அலுமினியம்தான். வெள்ளை மாவாகப் பூத்து வெளியே வரும். சில மாதம் அசைக்காமல் விட்ட சீட் கம்பி ஃபிரேமோடு இறுகிவிடும். அதற்கப்புறம் சீட்டுக்குத் தக்கபடி ஆள்தான் உயரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

வைத்தியம் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு தடவை ஓட்டி வந்ததும் நல்ல தண்ணியில் கழுவித் துடைக்க வேண்டும். இங்கே கிணற்றுத் தண்ணியே கரிக்கும். நல்ல தண்ணி என்பது தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிப் போய்க் காத்திருந்து பிடித்து வருவது. முதல் வாரம் அரைக் குடத்தைச் சைக்கிள் மேல் ஊற்றியபோது வீட்டில் ஒரே ஒரு கேள்விதான் வந்தது: “திருச்சியிலேர்ந்து குழாய் போட்டுக் காவிரியக் கொண்டாந்தது இதுக்காகவா?” அன்றோடு கழுவல் நின்றது. ஈரத்துணியால் துடைத்தாலே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும் என்று காக்கா சொல்லிப் பார்த்தார். “செயின்ல ஒவ்வொரு உருளைக்கும் ஒரே சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடு. கொஞ்சம் கழிச்சு மேல இருக்குறதத் தொடச்சிரு. எண்ணெய் உள்ள நிக்கணும் தம்பி, வெளிய நின்னா மண்ணத்தான் பிடிக்கும். சீட்டுக் கம்பிக்கு, போட்டு எஞ்சினுக்குப் பூசுற கிரீஸ் பக்கத்து வீட்டுலயே இருக்கும், ஒரு வெரல் வாங்கித் தடவு.”

மொத்தச் செலவு ஒரு டீ விலைக்குப் பக்கத்தில்தான் வரும். அண்ணனுக்கு அது பிடிக்காமல் போனதே அதனால்தான் என்பது என் சந்தேகம். பழைய பனியன் துணியைப் படமெடுத்து ஸ்டேட்டஸ் போட முடியுமா? அன்று இரவே செயின் எண்ணெய் ஆர்டர் போட்டார். புழுதிக்கு டிரை லூப், மழைக்கு வெட் லூப் என்று போட்டிருந்தது. உப்புக்கு எது என்று போடவில்லை. இரண்டையும் வாங்கினார். கிரீஸுக்குப் பதிலாக ‘ஆன்டி-சீஸ்’ என்று கட்டைவிரல் நீளத்தில் ஒரு டியூப் வந்தது. மூன்றும் ஷோகேஸில், மகள் வாங்கிய கோப்பைக்குப் பக்கத்தில் நிற்கின்றன.

செயின் தேய்மானத்தை அளக்கக் கற்றுக்கொண்டதுதான் அவருக்கு வந்த பெரிய கேடு. புதுச் செயினில் பன்னிரண்டு முழுக் கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்கும். அதற்கு மேல் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடினால் செயினை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு கூடிவிட்டால் பல்சக்கரமும் சேர்ந்து போயிருக்கும். பிள்ளையின் ஒரு அடி ஸ்கேலை வைத்து அளந்தார். துடைக்காத செயின் தாராளமாகவே நீண்டிருந்தது. ஆக, பல்சக்கரம் வாங்க வேண்டும். வாங்குவதுதான் வாங்குகிறோம், பழைய ஏழு கியருக்கு ஏன் மறுபடியும் ஏழு? ஷிமானோவின் சோரா ஒன்பது போட்டால் என்ன?

ஒன்பது பல்சக்கரத்துக்கு ஒன்பது கியர் லிவர் வேண்டும். லிவர் மாறினால், செயினைப் பல் மாற்றித் தள்ளும் பின் டிரெய்லியரும் மாற வேண்டுமாம். அதற்கேற்ற ஒல்லிச் செயின் வேண்டும். எல்லாம் பார்சலில் வந்து சேர்ந்த பிறகுதான், பழைய வீலில் இருப்பது மரையில் திருகும் ஃப்ரீவீல், புதியது கேசட், அது இந்த ஹப்பில் ஏறவே ஏறாது என்று தெரிந்தது. 1921-ல் ஜப்பானின் சாகாய் ஊரில் தொடங்கிய ஷிமானோ கம்பெனி முதன்முதலில் செய்து விற்றது இந்த ஃப்ரீவீலைத்தான். நூறு வருஷம் கழித்தும் அதே சாமானில் வாலிநோக்கத்து ஆளை மாட்டிவிட்டார்கள். ஆகவே புது வீல் செட். புது வீலுக்குப் பழைய டயரா? கூட்டிப் பார்த்தால் வண்டி விலையைத் தாண்டிவிட்டது. கூட்டிப் பார்த்தது நான். அவர் பார்ப்பதில்லை.

பின்னால் போட்டது 34 பல் கேசட். மலை ஏறுவதற்கு அது அவசியமாம். இந்த மாவட்டத்தில் மேடு என்று சொன்னால் ராமேஸ்வரத்தில் கெந்தமாதன பர்வதம் இருக்கிறது, பெயரில் மட்டும் பர்வதம். விட்டால் பாம்பன் சாலைப் பாலம். 1988-ல் திறந்தது, இரண்டேகால் கிலோமீட்டருக்கு மேல் நீளம், நடுவில் கப்பலுக்காகத் தூக்கிக் கட்டியது. அண்ணன் அந்த ஏற்றத்துக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வந்தார். பாலத்து உச்சியில் பக்கவாட்டுக் காற்று வண்டியைச் சுவரோரம் தள்ளியதில் இறங்கித்தான் தள்ளினார். ஆக 34 பல் இன்னும் கன்னி கழியாமல் இருக்கிறது. கியர் கம்பி அந்தப் பல் வரைக்கும் இழுக்கிறதா என்று பார்க்கக்கூட வாசலில் தலைகீழாக நிறுத்தி வைத்துத்தான் சுற்றிப் பார்க்கிறார்.

போன வாரம் காக்கா கடையில் உட்கார்ந்திருந்தபோது அண்ணன் வந்தார். சீட் கம்பி இறுகிவிட்டது. ஆன்டி-சீஸ் டியூபை இன்னும் திறக்கவே இல்லையாம். காக்கா மண்ணெண்ணெய் ஊற்றி, ரப்பர் சுத்தியால் தட்டி, வியர்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் கையைக் கட்டி நின்று யோசித்துவிட்டு முடிவைச் சொன்னார்.

“இரும்பு, அலுமினியம் எல்லாம் நம்ம ஊருக்கு ஆகாது காக்கா. கார்பன் ஃபிரேமுக்குப் போயிரலாம்னு இருக்கேன். உப்பு தொடாது.”

“போல்ட்டு?”

“டைட்டானியத்துல வருது காக்கா. நேத்துதான் பார்த்தேன்.”