டோர் தாங்குமாண்ணா?

எங்கள் மாவட்டத்தில் ஒரு பிக்கப் வண்டியின் வயதை ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிறவன் வெளியூர்க்காரன். உள்ளூர்க்காரன் நேராகப் பின்னால் போய் டோரைப் பார்ப்பான். டோர் நிமிர்ந்து நின்றால் ஷோரூமிலிருந்து வந்து மாதம்கூட ஆகவில்லை. நடுவில் லேசாகத் தொப்பை விழுந்திருந்தால் ஒரு தக்காளி சீசன் பார்த்திருக்கிறது. ஒரு பக்கம் கொக்கியும் மறுபக்கம் நைலான் கயிறுமாக இருந்தால் மரவள்ளி ஓட்டியிருக்கிறது. டோரே இல்லையென்றால் கல் ஏற்றியிருக்கிறது. மேற்கொண்டு எதுவும் கேட்பது நாகரிகமில்லை.

தருமபுரி மாவட்டத்தில் விளைகிறவற்றைப் பாருங்கள். பாலக்கோடு, மாரண்டஹள்ளிப் பக்கம் தக்காளி. பென்னாகரத்தில் புளி. அரூர், பாப்பிரெட்டிப்பட்டியில் மரவள்ளிக் கிழங்கு. அது சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போக வேண்டும். காரிமங்கலத்தில் மாங்காய், தேங்காய். இவை போதாதென்று பூமிக்கு அடியில் கருங்கல். எடையில்லாத சரக்கு என்று சொல்ல எங்களிடம் பட்டுக்கூடு ஒன்றுதான் உண்டு. அதற்குத் தருமபுரியில் அரசாங்க அங்காடியே இருக்கிறது. ஆனால் என் சித்தப்பாவின் பிக்கப்புக்குப் பட்டுக்கூடு வாடகை ஒருநாளும் வாய்த்ததில்லை. அவர் ஜாதகத்தில் எல்லாமே மூட்டையாகத்தான் வரும்.

அந்த வண்டி எந்தக் கம்பெனி என்று எழுத மாட்டேன். கம்பெனிமேல் ஒரு குற்றமும் இல்லை. அவர்கள் டோரைச் செய்தது ஒரே வேலைக்காக: மூடியிருக்கும்போது சரக்கு பின்னால் சரியாமல் தடுக்க. கீழே இரண்டு கீல், மேலே இரண்டு மூலையிலும் கொக்கி, நான்கு இடத்தில் பிடிமானம். தகடு வளையாமலிருக்க அழுத்தி எடுத்த வரிப்பள்ளங்கள். மொத்தத்தில் அது ஒரு சுவர். நாம் கொக்கியைத் தட்டிக் கீழே இறக்கிய நிமிடமே அதைத் தரையாக்கிவிடுகிறோம். அதன்மேல் ஏறி நின்று மூட்டை வாங்குகிறோம். உட்கார்ந்து டீ குடிக்கிறோம். இலை போட்டுப் பிரியாணி சாப்பிடுகிறோம். பஞ்சாயத்து தேர்தல் சமயத்தில் அதுவே மேடை. மைக்கும் மாலையும் வேட்பாளரும் வேட்பாளரின் மாமனாரும் ஒரே தகட்டில்.

இதில் நாம் மட்டும் தனியாகக் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டாம். 1925-இல் ஃபோர்டு கம்பெனி தன் மாடல் டி வண்டிக்குப் பின்னால் தகரப் பெட்டி வைத்து 281 டாலருக்கு விற்றது. கூடவே கனத்த பின் ஸ்பிரிங்கும், இறக்கி ஏற்றுகிற பின் டோரும் வந்தன. பிறகு என்ன, அமெரிக்கர்கள் கால்பந்து மைதானத்து வாசலில் டோரை இறக்கிவிட்டு அதில் கோழி வறுத்துத் தின்பதையே ஒரு திருவிழாவாக்கிவிட்டார்கள். கோழிக்கு டோர் தாங்கும். எங்களுக்குச் சிக்கல், நாங்கள் கோழியோடு நிறுத்துவதில்லை.

சித்தப்பா வண்டியின் இறக்கிய டோரை இரண்டு சங்கிலிகள் பிடித்திருக்கும். சங்கிலி கடகடவென்று சத்தம் போடக்கூடாது என்று மேலே பச்சை ஹோஸ் பைப் போட்டிருப்பார். உள்ளே சங்கிலி துருப்பிடித்து எத்தனை கண்ணி மிச்சம் என்பது அந்த ஹோஸ் பைப்புக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். பாலிடெக்னிக் படித்த என் தம்பி ஒருமுறை திருநீற்றுத் தட்டில் விரலால் கோடு போட்டு விளக்கினான். சங்கிலி நாற்பத்தைந்து பாகை சாய்வில் இருந்தால், டோரின் விளிம்பில் வைக்கிற 100 கிலோவுக்கு அது 141 கிலோ இழுவை தாங்க வேண்டும். முப்பது பாகைக்குப் படுத்துவிட்டால் 200 கிலோ. அதுவும் மெதுவாக வைத்தால். பொத்தென்று போட்டால் அதற்கும் இரண்டு மடங்கு. இரண்டு சங்கிலியும் பங்கு போட்டுக்கொள்ளுமே என்று கேட்காதீர்கள். லோடுமேன் ஒருநாளும் நடுவில் கால் வைக்க மாட்டார். மூலையில்தான் வைப்பார், தோளில் மூட்டையோடு, அதுவும் எம்பி.

சித்தப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "சரிடா, தாங்குமா தாங்காதா, அதச் சொல்லு" என்றார். தம்பி "தாங்காது" என்றான். "நீ படிச்சது கவர்மெண்டு காலேஜா, பிரைவேட்டா?" என்று கேட்டுவிட்டு திருநீற்றைப் பூசிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இந்த விஷயத்தில் நான் பார்த்த ஒரே பொறுப்பான நிபுணர் ஒரு மாடு. காரிமங்கலம் செவ்வாய்ச் சந்தையில் சித்தப்பா வாங்கிய கலப்பினக் கறவை. எடை நானூறு கிலோவுக்குக் குறையாது. மாடு ஏற்றுவதற்கு வண்டியை மண்மேட்டை ஒட்டி நிறுத்துவது வழக்கம். அன்றைக்கு மேட்டுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு அடி இடைவெளி இருந்தது. பலகை தேடுவதற்குப் பதில் டோரையே இறக்கிப் பாலமாக்கினார்கள். மாடு வந்தது. முன்னங்காலைத் தூக்கி டோர்மேல் வைத்தது. தகடு "டொங்" என்றது. மாடு காலை எடுத்துக்கொண்டு சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வையில் கீல், கொக்கி, சங்கிலி, சாய்வு பாகை எல்லாம் இருந்தன. தரகருக்கு அது புரியவில்லை. "அதெல்லாம் தாங்கும்ணா, வால முறுக்கு" என்றார். முறுக்கினார்கள். மாடு ஒரே தாவில் உள்ளே போய்விட்டது. ஆனால் தாவுவதற்குப் பின்னங்கால்கள் இரண்டையும் ஊன்றியது டோரில். வலப்பக்கக் கீலின் பின் தெறித்து எதிரே வெல்லம் விற்ற அம்மாவின் தராசில் விழுந்தது. டோர் ஒற்றைச் சங்கிலியில் தொங்கி ஆடியது. மாடு உள்ளே நின்று நிம்மதியாகக் கோமியம் விட்டது. கூடியிருந்தவர்கள் மாட்டை மெச்சினார்கள், நல்ல துடியான மாடு என்று. தரகர் விலை பேசும்போது விரல்களை மறைக்கிற துண்டு இருக்கிறதே, அதை வாங்கித்தான் டோரைக் கட்டி வீடு வந்து சேர்ந்தார்கள்.

ஏற்றக் கூடாததை ஏற்றுவது எங்களுக்கு நேற்று வந்த பழக்கமில்லை. இதே தருமபுரி தகடூராக இருந்த காலத்தில், அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடிய ஔவையார், புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் அவனை உப்பு வணிகர்களின் வண்டியில் கட்டியிருக்கும் மாற்று அச்சுக்கு ஒப்பிடுகிறார். காளைகளோ நுகம் பழகாத இளசுகள். வண்டியிலோ பெரிய பாரம். வழியெல்லாம் மேடும் பள்ளமும். எங்கே என்ன ஆகுமோ என்று வணிகர்கள் வண்டிக்கு அடியிலேயே இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். கவனியுங்கள், பாரத்தைக் குறைக்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஓவர்லோடு என்பது முடிவான விஷயம். உதிரி பாகம்தான் ஆலோசனைக்குரியது. மயிலிறகாகவே இருந்தாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் தனியாக எச்சரித்துப் பார்த்தார். எங்கள் பக்கம் மயிலிறகு லோடு வருவதில்லை என்பதால் அது எங்களுக்குப் பொருந்தாது என்று விட்டுவிட்டோம். அரசன் மகனை மாற்று அச்சு என்று பாடியும் ஔவையாருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது அந்தக் காலத்தின் பெருமை. இன்றைக்கு ஏதாவது ஒரு தலைவரின் மகனை மேடையில் ஸ்டெப்னி என்று பாராட்டிப் பாருங்கள்.

சித்தப்பாவும் உப்பு வணிகர் வழிவந்தவர்தான். அவர் சீட்டுக்கு அடியில் இரண்டு கொக்கி, ஒன்றரை கெஜம் சங்கிலி, லாரி டியூபிலிருந்து அறுத்த ரப்பர் வார், கட்டுக்கம்பி, குறடு எல்லாம் இருக்கும். முதலுதவிப் பெட்டியில் பஞ்சு கிடையாது. நட்டு போல்ட்டு உண்டு.

எடை விஷயத்தில் கண்ணை நம்பினால் கெட்டோம். 2005-இல் டாடா ஏஸ் வந்தது, நாம் குட்டி யானை என்று பெயர் வைத்தோம். அதற்குச் சொன்ன பாரம் 750 கிலோ. ஒரு கன அடிக் கருங்கல் எழுபத்தைந்து கிலோவுக்குக் குறையாது. ஆக, பத்து கன அடிக் கல்லோடு குட்டி யானையின் கணக்கு முடிந்தது. ஆனால் எட்டிப் பார்த்தால் வண்டி காலியாகவே தெரியும். "என்னண்ணா, இன்னும் இவ்ளோ எடம் இருக்கே" என்று ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார். வைக்கோல் ஏற்றினால் நேர்மாறு: முன்னால் போகிற வண்டியே தெரியாது, மலை நகர்ந்து போகிறது, எல்லோரும் ஐயோ என்பார்கள், டோருக்கோ அன்று லீவு. 2011-இல் ஓசூரில் தயாராகி அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது, ஒன்றேகால் டன். 2004 வரை ஓசூரும் எங்கள் மாவட்டம்தான். கிருஷ்ணகிரி பிரிந்தபோது தொழிற்சாலைகள் அந்தப் பக்கம் போயின, மூட்டைகள் இந்தப் பக்கம் நின்றுவிட்டன.

கழுதையிடம் இந்தக் குழப்பம் இல்லை. தேர்தல் வந்தால் எங்கள் மாவட்டத்துக் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை முதுகில்தான் போயிருக்கின்றன. பாதை அப்படி. கழுதைக்கு ஆர்.சி. புத்தகம் இல்லை. ஆனால் அளவு மீறினால் நகராது, அதற்குமேல் பேசினால் உதைக்கும். தேர்தல் ஆணையமே அதற்குக் கட்டுப்படுகிறது. பிக்கப்புக்கு அந்த உரிமையைக் கொடுக்காமல் விட்டது பெரிய குறை.

சட்டம் தன் பங்குக்கு முயன்றது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். சரக்கு பக்கவாட்டிலோ பின்னாலோ வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதற்கும் 20,000. சித்தப்பா கம்பி ஏற்றும் நாட்களில் டோரை மூடவே முடியாது. இறக்கிவிட்டுக் கயிற்றில் கட்டி, கம்பி நுனியில் சிவப்புத் துணி தொங்கவிடுவார். அது சித்தியின் சுங்குடிப் புடவை முந்தானை. ஒருநாள் நான்கு ரோட்டில் போலீஸ்காரர் நிறுத்தியபோது சித்தப்பா துணியைத்தான் காட்டினார், "பாருங்க சார், சேஃப்டி." போலீஸ்காரர் துணியைத் தொட்டுப் பார்த்து, "ஒரிஜினல் சின்னாளப்பட்டியா?" என்றார். ரசீது என்னவோ கிழித்துவிட்டார்.

மாட்டுச் சம்பவத்துக்குப் பிறகு டோர் வெல்டிங் பட்டறைக்குப் போனது. பின்னால் இடமிருந்து வலமாக "முருகன் துணை" என்று எழுதியிருக்கும். வெல்டர் நல்ல தொழிலாளி. நாலு மில்லிமீட்டர் ஆங்கிளை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே கச்சிதமாக வைத்தார். அது "துணை" மேல் அமைந்துவிட்டது. அன்றுமுதல் வண்டியில் முருகன் மட்டும் தனியாக வந்தார்.

ஆங்கிளால் டோர் பலமானது, கூடவே கனமானது. கனமான டோரைப் பழைய கீல் தாங்கவில்லை. லாரிக் கீல் வைத்தார்கள். லாரிக் கீல் அசையாமல் நின்றதால் அது பற்ற வைத்திருந்த தரைத் தகடு கிழிந்தது. அதற்குமேல் செக்கர் பிளேட் அடித்தார்கள். சேலத்தில் இறக்கிவிட்டு உர மூட்டையும் டிரம்மும் ஏற்றிக்கொண்டு தொப்பூர் கணவாய் ஏறினால், சரக்கெல்லாம் பின்னால் சாயும். இருபதுக்கு ஒன்று என்ற சரிவில்கூட, உருளுகிற சரக்கு ஒரு டன் இருந்தால் ஐம்பது கிலோ அளவுக்கு டோரை முட்டும். லாரிக்கு நடுவே நின்று நின்று முதல் கியரில் துள்ளிக் கிளம்பும்போது அது இன்னும் பலமான முட்டு. டோர் இப்போது அசைவதில்லை. அதற்குப் பதில் பாடியின் இரண்டு பக்கமும் விரிந்து, கண்ணாடியில் பார்த்தால் வண்டி கை விரித்து வரவேற்கிற மாதிரி இருந்தது. பலவீனம் ஒழியவில்லை, வீடு மாறிக்கொண்டே இருந்தது. டோரை மூட இரண்டு ஆள் வேண்டும் என்றாகிவிட்டது. வாடகையில் ஒரு பங்கு டோர் தூக்குகிறவனுக்கே போனது.

கடைசியில் விற்க முடிவானது. கடத்தூரிலிருந்து ஒருவர் மச்சானைக் கூட்டிக்கொண்டு பார்க்க வந்தார். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக் காதைச் சாய்த்தார். டயரைக் காலால் உதைத்தார். பிறகு பின்னால் போய் நின்று வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

"டோர் கனமா இருக்குங்களே?"

"எக்ஸ்ட்ரா பிட்டிங்கு. அதுக்குத் தனி ரேட்டு ஒண்ணும் போடல, சேத்தே எடுத்துக்குங்க."

"இல்லீங்க, என்ன லோடு ஓட்டுனீங்கன்னு..."

சித்தப்பா தோள்துண்டை எடுத்து டோரின்மேல் இருந்த தூசியை மெல்லத் தட்டினார். "கம்பெனி புக்குல என்ன போட்டிருக்கானோ, அதுக்குமேல ஒரு கிலோ ஏத்துனதில்லைங்க."

திண்ணையில் காபி ஆற்றிக்கொண்டிருந்த சித்திக்குப் புரையேறிவிட்டது. நான் தலையில் தட்டுவதற்காக எழுந்து உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். நாங்கள் திரும்பி வந்தபோது அட்வான்ஸ் கைமாறியிருந்தது. கடத்தூர்க்காரரும் மச்சானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து டோரைத் தூக்கி மூடிக்கொண்டிருந்தார்கள். "மாமா, இதுல ஒரு ரெண்டு டன்னு தாராளமா போடலாம்" என்று மச்சான் சொல்வது காதில் விழுந்தது.