கட்டில் பெயர்ச்சி: கிருமாம்பாக்கத்து மக்களின் தட்பவெப்ப விருப்பமும் குடியமர்வும் – ஒரு முன்னாய்வு

ஆய்வு நோக்கம்

மனிதர்கள் தங்கள் உடம்புக்கு ஒத்த தட்பவெப்பத்தைத் தேடிப் போய்க் குடியேறுகிறார்கள் என்பது அறிஞர்கள் ஐயத்துக்கு இடமின்றி நிறுவிவிட்ட உண்மை. ஏற்கெனவே நிறுவியதை இன்னொரு முறை நிறுவுவதற்குத்தான் ஆராய்ச்சி என்று பெயர். ஆகவே அதே உண்மையைக் கிருமாம்பாக்கத்தில் வைத்து நிறுவ இக்கட்டுரை முயல்கிறது. களத்தேர்வுக்குக் காரணங்கள் மூன்று: புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் பேருந்து அங்கே நிற்கும், ஆய்வாளரின் அத்தை வீடு அங்கே உள்ளது, மதியச் சாப்பாடு உறுதி. முறையியல் நூல்கள் இதை ‘வசதிக் கூறெடுப்பு’ என்று கௌரவமாகச் சொல்லும்.

முன்னோர் ஆய்வுகள்

இத்துறையின் மூலவர் பிரெஞ்சு அறிஞர் மொந்தெஸ்கியூ. 1748இல் வெளியான தம் நூலில், ஓர் ஆட்டு நாக்கை எடுத்து அதில் பாதியை உறைய வைத்துப் பார்த்த சோதனையை அவர் விவரிக்கிறார். உறைந்த பாதியில் சுவை மொட்டுகள் சுருங்கியிருந்தன. இதிலிருந்து, குளிர்நாட்டாருக்கு உணர்ச்சி குறைவு, வெப்பநாட்டாருக்கு அதிகம் என்ற முடிவுக்கு வந்து, அங்கிருந்து நாடுகளின் சட்டங்கள்வரை போய்விட்டார். ஒரு நாக்கை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் பேசியவர் அவருக்கு முன்னும் பின்னும் இல்லை. இதைப் படித்துக் காட்டியபோது களத் தகவலாளர் எழுப்பிய வினா இன்றுவரை விடையின்றி நிற்கிறது: “மீதி நாக்க என்னடா பண்ணாரு?” (அத்தை, வாய்மொழி.)

அடுத்தவர் அமெரிக்காவின் ஏல் பல்கலைக்கழகத்து எல்ஸ்வொர்த் ஹண்டிங்டன். 1915இல் வந்த ‘நாகரிகமும் தட்பவெப்பமும்’ என்ற நூலில், கனெக்டிகட் ஆலைத் தொழிலாளர்களின் உற்பத்தியையும் படைப்பள்ளி மாணவர்களின் மதிப்பெண்களையும் கூட்டிக் கழித்து, உடலுழைப்புக்கு ஏறத்தாழ 18 டிகிரி செல்சியஸும் மூளையுழைப்புக்கு ஏறத்தாழ 4 டிகிரியும் உகந்தவை என்று கண்டுபிடித்தார். உலகில் நாகரிகத்துக்கு ஏற்ற தட்பவெப்பம் எங்கெங்கே இருக்கிறது என்று வரைபடமும் போட்டார். அதில் முன்வரிசையில் நின்ற பகுதிகளுள் ஒன்று அவர் குடியிருந்த பகுதி. இந்த முறையியலை நம் ஊர் ஆய்வாளர்கள் அப்படியே ஏற்றுக்கொண்டதை, அவரவர் எழுதும் ஊர் வரலாறுகளில் காணலாம்.

ஹண்டிங்டன் சொல்வது சரியென்றால் கிருமாம்பாக்கம் வட்டாரத்தில் யாரும் ஒரு நாளும் யோசித்திருக்க முடியாது. இங்கே 4 டிகிரி வேண்டுமானால் ஐஸ் பெட்டிக்குள் தலையை விட வேண்டும். ஆனால் பக்கத்துப் பாகூரில் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே ஒரு வித்யாஸ்தானம் நடந்திருக்கிறது. பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில் மூன்று ஊர்களின் வருவாயை அதற்கு விட்டுக்கொடுத்ததைப் பாகூர்ச் செப்பேடுகள் சொல்கின்றன. மின்விசிறி இல்லாமல் படித்தார்கள். அந்தச் செப்பேடுகள் பிற்காலத்தில் பாரிஸ் போய்ச் சேர்ந்தன. குளிரை நாடிக் குடிபெயர்ந்த ஒரே பாகூர்வாசிகள் என்று இவற்றைக் குறிப்பிடலாம்.

தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய பருவத்தைச் சொல்லிக்கொண்டே வந்து, மருதத்துக்கும் நெய்தலுக்கும் மட்டும் தனிப் பருவம் சொல்லாமல் விட்டுவிடுகிறது; நாளின் பொழுதோடு நிறுத்திக்கொள்கிறது. கிழக்கே பன்னித்திட்டு நெய்தல், மேற்கே பாகூர் ஏரிப் பாசனம் மருதம், நடுவில் கிருமாம்பாக்கம். இதைத் திணைமயக்கம் என்று எழுதிப் பட்டம் வாங்கலாம். சித்திரை வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் நின்றால் வெறும் மயக்கமே கிடைக்கும். தொல்காப்பியர் விட்ட இடத்தை நிரப்புவது இக்கட்டுரையின் பங்களிப்பு. இங்கே பெரும்பொழுது இரண்டு: கரண்ட் இருக்கும் பொழுது, கரண்ட் போன பொழுது.

வகைப்பாடு

அ. ஊட்டி வகை: போகிறார்கள்; திரும்பி வந்துவிடுகிறார்கள்.

ஆ. நாய்: தட்பவெப்பத்தை மட்டுமே கணக்கில் கொண்டு இருப்பிடம் தேரும் ஒரே உயிரினம், டீக்கடைத் தண்ணீர் டிரம்முக்கு அடியில்.

இ. எல்லை கடப்போர்: முள்ளோடை எல்லைக்கு இரு பக்கமும் வெயில் ஒன்றுதான். ஆயினும் மாலை வேளைகளில் கடலூர்ப் பக்கத்திலிருந்து குளிர்ச்சியை நாடி ஒரு கூட்டம் இந்தப் பக்கம் பெயர்வதைக் காண்கிறோம். குளிர்ச்சி குப்பியில் கிடைக்கிறது; விலையும் இங்கே குறைவு. இரவுக்குள் திரும்பிவிடுவதால் இவர்களைக் குடியேறிகள் எனக் கொள்ள இயலாது. திரும்ப முடியாமல் சாலையோரத்திலேயே குடியமர்ந்துவிடுவோர் விதிவிலக்கு.

ஈ. பிரெஞ்சு வகை: 1962 ஆகஸ்ட் 16இல் ஒப்படைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்கலாம் என்றார்கள். பலர் எழுதிக்கொடுத்தார்கள். பாரிஸ் பனி பிடித்திருப்பதாக எழுதியவர் எவரும் என் பார்வைக்கு வரவில்லை. பென்ஷன் பிடித்திருந்தது.

உ. கூரையிலிருந்து மெத்தைக்கு: இங்கேதான் நம் கருதுகோளுக்கு முதல் அடி விழுகிறது. கீற்றுக் கூரை வீடு குளிர்ச்சியானது. கீற்று சூட்டைத் தேக்கி வைக்காது. கான்கிரீட் தளமோ பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, விளக்கு வைத்த பிறகு ஆற அமர அறைக்குள் இறக்கும். இது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே ஊர் முழுக்கக் கூரை வீட்டை விட்டு மெத்தை வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. கூரை தீப்பிடிக்கும். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கரையேறியபோது பறந்த கூரைகளைப் பார்த்தவர்களிடம் குளிர்ச்சியைப் பற்றிப் பேச முடியாது. இவையெல்லாவற்றுக்கும் மேல், சம்பந்தம் பேச வருகிறவர்கள் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். “உங்க மாமாவக் கட்டிக்கிறப்ப மெத்தை வீடுன்னு சொன்னாங்க, சரின்னுட்டேன். உள்ள வேகும்னு யாரும் சொல்லல.” (அத்தை, மேலது, திருத்திய பதிப்பு, மாமா கடைக்குப் போயிருந்தபோது.)

ஊ. கட்டில்: இவ்வாய்வின் உயிர்நாடி. மக்கள் ஊரைத் தட்பவெப்பம் பார்த்துத் தேர்வதில்லை. பிறந்த இடம், பிழைத்த இடம், பெண் எடுத்த இடம் என்று ஊர் தானாக அமைந்துவிடுகிறது. ஆனால் அமைந்த ஊருக்குள், அமைந்த வீட்டுக்குள், அவர்கள் ஒவ்வோர் இரவும் குடிபெயர்கிறார்கள். இந்தப் பெயர்ச்சியைப் பன்னாட்டு அறிஞர்கள் எவரும் பதிவுசெய்யவில்லை. அவர்கள் இரவில் தூங்கிவிடுகிறார்கள்.

அந்தி சாய்ந்ததும் மாடித் தளத்தில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். தளம் புஸ்ஸென்று ஆவி விடும். முதற்கட்டக் குடியிருப்பு கூடம், மின்விசிறிக்கு நேர் கீழே. அது குடும்பத் தலைவரின் பட்டா நிலம். மற்றவர்கள் சுற்றிலும் குத்தகைக்குப் படுப்பார்கள். இரண்டாம் கட்டம் வாசல், கயிற்றுக்கட்டில். தென்றல் அங்கேதான் முதலில் வரும். பக்கத்து வீட்டில் மதில் எழுப்பும்வரை வந்தது. (மதில் குறித்த இரு தரப்பு வாதங்களையும் அச்சில் ஏற்ற இயலாது.) மூன்றாம் கட்டம் மாடி, பாய், தலையணை, செம்புத் தண்ணீர் சகிதம். அங்கே காற்றும் உண்டு, கொசுவும் உண்டு. காற்று நின்றதும் கொசு வரும், கொசுவத்தி ஏற்றியதும் காற்று வந்து அதை அணைக்கும். நான்காம் கட்டம் பின்னிரவு: நான்கு துளி மழை, அல்லது பனி, அல்லது ‘மழை வர மாதிரி இருக்கு’ என்ற ஒரு குரல். மொத்தக் குடியும் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்கே திரும்பும். அதற்குள் தலைவர் விசிறிக்கடியில் குறுக்காகப் படுத்திருப்பார். (அத்தை, மேலது, மூன்றாம் பதிப்பு, நள்ளிரவு, மாமாவின் மறுப்புரையுடன், மறுப்புரை குறட்டையால் இடைநின்றது, எஞ்சிய பகுதி காலைக் காப்பிக்குப் பின் மாமாவாலேயே வாபஸ் பெறப்பட்டது.)

இதற்கு மாற்றுக் கருத்தும் உண்டு. பகல் பெயர்ச்சியே முதன்மையானது என்பார் எதிர்வீட்டுத் தாத்தா. வேப்பமர நிழல் காலையில் மேற்கே விழும். பிற்பகலில் கிழக்கே போகும். அதன் பின்னாலேயே தம் நாற்காலியை நகர்த்திக்கொண்டு போவதை அவர் வாழ்நாள் ஆய்வாக மேற்கொண்டிருக்கிறார். (தாத்தா, ‘நிழலும் நாற்காலியும்: ஒரு வட்டார நோக்கு’, கைப்பிரதி கிடையாது, கைத்தடி மட்டும் உண்டு, தடியால் மண்ணில் கீறிக் காட்டிய வரைபடம் ஆட்டுமந்தை கடந்ததால் சிதைந்தது, மறுபதிப்பு நாளை, வெயில் வந்தால்.) நடுப்பகலுக்கு முன்பின்னாகக் கடற்காற்று கிளம்ப வேண்டும். மேற்கத்திக் காற்று பலமாக வீசும் நாளில் அது மூன்று மணிவரை கிளம்பாது. அன்றைக்குத் தாத்தாவிடம் நேர்காணல் எடுக்கக் கூடாது.

எதிர்ச்சான்றுகள்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒரு நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை; அடுத்து தென்பெண்ணையில் வெள்ளம்; பாகூர்ப் பக்கம் ஊர்களுக்குள் தண்ணீர். இப்படிப்பட்ட வானிலையைக் கண்ட மக்கள், நம் கருதுகோளின்படி, வேறு ஊர் பார்த்திருக்க வேண்டும். தண்ணீர் வடிந்ததும் வீட்டைக் கழுவிவிட்டு, நனைந்த நெல்லை வெயிலில் காயப் போட்டார்கள். கருதுகோள் அவர்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை போலும்.

தட்பவெப்பத்தைத் தங்கள் விருப்பப்படி அமைத்துக்கொண்டு வாழ்வோர் ஒரு சாரார் உண்டு: கருத்தரங்க அறிஞர்கள். அண்மையில் புவி வெப்பமடைதல் குறித்த கருத்தரங்கம் ஒன்றில், ஏ.சி.யை இன்னும் குறைக்கச் சொன்ன தலைவர், போர்த்திய பொன்னாடையைக் கடைசிவரை கழற்றவில்லை. வெளிநாட்டு நண்பர் ஒருவர் காணொளியில் தலைகாட்டிவிட்டுப் போனதால் அது பன்னாட்டுக் கருத்தரங்கமாகவும் ஆயிற்று.

முடிபும் வேண்டுகோளும்

தட்பவெப்ப விருப்பம் மனிதர்களின் குடியமர்வைத் தீர்மானிக்கிறது. தூரம் நாற்பது அடிக்கு மேல் போகாது. இம்முடிபை மேலும் வலுப்படுத்த நிதிநல்கைக் குழுவினர் உதவ வேண்டும். ரொக்கம் தேவையில்லை, ஓர் இன்வர்ட்டரும் பேட்டரியும் போதும். மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிடுவதால், அதற்குள் அத்தை வீட்டுக்கே அனுப்பிவைக்கவும்.