சுற்றட்டும், சுற்றட்டும்

கல்லூரிகளில் கருத்தரங்கு சீசன் வந்துவிட்டது. திரைகளில் புரோட்டீன்கள் மறுபடி சுற்ற ஆரம்பித்துவிட்டன. பட்டுநூலின் ஃபைப்ராயின் பற்றித்தான் இந்தக் கட்டுரை. உடுமலைப்பேட்டை வட்டாரத்தில் மல்பெரி போட்டுப் பட்டுக்கூடு எடுக்கிறார்கள், ஆகவே அது நம்மூர்ப் புரோட்டீன். ஆனால் அதற்குமுன் இந்தச் சுற்றலை ஒரு வழி பண்ணியாக வேண்டும். சிவப்புச் சுருளும் மஞ்சள் அம்புமாக ஒன்று திரையில் தோன்றி நின்ற அச்சில் சுற்றுகிறது. ஃப்ரேமுக்கு ஒரு பாகை, மொத்தம் 360 ஃப்ரேம். விநாடிக்கு 30 என்றால் ஒரு சுற்றுக்கு 12 விநாடி. “இதுதான் எங்கள் புரோட்டீன்” என்று சொல்ல மூன்று விநாடி போதும். மீதி ஒன்பது விநாடி சபை சும்மா பார்க்கிறது, பிறகு அடுத்த சுற்று. பூஜ்யம் பாகையும் 360 பாகையும் ஒரே படம் என்பதை மறந்து ஸ்கிரிப்டில் இரண்டையும் சேர்த்திருந்தால், சுற்று முடியும் இடத்தில் ஒரு விக்கல் வரும். அதைக் கண்டுவிட்டவருக்கு அதன்பின் வேறெதுவும் கண்ணில் படாது. அடுத்த விக்கலுக்குக் காத்திருப்பார். போதாததற்கு ரே டிரேசிங் போட்டு நிழல் வேறு. இரவெல்லாம் கம்ப்யூட்டர் உழைத்து ஃப்ரேம் ஃப்ரேமாக நிழல் போடுகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சில நூறு நானோமீட்டர், புரோட்டீனோ சில நானோமீட்டர். அதற்கு ஏது நிழல்? நம் காற்றாலைகூடக் காற்றில்லாதபோது நிற்கிறது, இது நிற்பதில்லை.

சுற்றினால்தானே ஆழம் தெரியும் என்பார்கள். நியாயம்தான். கம்பி உருவத்தைத் திருப்பினால் அதன் தட்டை நிழலே கன உருவமாகத் தெரியும் என்று 1953-இலேயே வாலக், ஓ’கானல் என்ற ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். ஆனால் அதற்கு இப்படியும் அப்படியும் கொஞ்சம் ஆட்டினால் போதும், முழு வலம் வேண்டாம். புரோட்டீன் நிஜத்தில் சுழலத்தானே செய்கிறது என்பவரும் உண்டு. செய்கிறது; தண்ணீர் மூலக்கூறுகள் நாலாபுறமும் முட்டித் தள்ள, அச்சுமில்லாமல் திசையுமில்லாமல், நானோவிநாடிகளில் புரள்கிறது. அப்படியே காட்டினால் சபைக்குத் தலைசுற்றும்.

புரோட்டீனைப் புரோட்டீனாக்கும் சுழற்சி உள்ளே இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் 1963-இல் வெளியிட்டது அதைத்தான். பெப்டைடு பிணைப்பு அநேகமாகத் தட்டை, திரும்பாது. அதன் இருபுறமும் உள்ள பிணைப்புகள் திரும்பும். அவை திரும்பும் கோணங்களான ஃபை, சை இரண்டும் எந்தெந்த அளவில் சேர்ந்தால் அணுக்கள் மோதிக்கொள்ளாது என்று கணக்கிட்டு, ஒரு சதுரத்தில் வரைந்தார்கள். சுழற்சியைப் புரிந்துகொண்டவர்களின் படம் அசையவே இல்லை. ஃபைப்ராயினில் ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் கிளைசினுக்குப் பக்கக்கிளை கிடையாது, அதனால் அந்தச் சதுரத்தில் அதற்கு இடம் தாராளம். பக்கத்திலுள்ள அலனினுக்கு அவ்வளவு இல்லை. இதையல்லவா அனிமேஷனாக்க வேண்டும்? ஸ்கிரிப்ட் கடினம் என்ற சாக்கும் செல்லாது; நான்கு அணுக்களையும் ஒரு கோணத்தையும் சொன்னால் அந்தப் பிணைப்பை மட்டும் திருப்பும் கட்டளை, இந்தப் படங்களைப் போடும் பைமால் மென்பொருளிலேயே இருக்கிறது. ஆனால் திருப்பினால் அணுக்கள் மோதும், மோதினால் சபையில் யாராவது ஏன் என்று கேட்டுவிடுவார்கள்.