சைப்பிரஸ் ஐயா

எட்டியாந்தோட்டை ரப்பர் மலைகளில் தொடங்கி இறக்குவானைத் தேயிலைக் கொழுந்து வரையில், சப்ரகமுவ மாகாணத்தின் எந்தத் தோட்டத்திற்குச் சென்றாலும் தவறாமல் தரிசிக்கக்கூடிய புருஷர் ஒருவர் உண்டு; அவரே பெரிய கிளாக்கர். செக்ரோல் புத்தகமும் சம்பளக் கணக்கும் அவருடைய ஜீவனோபாயம். அவருடைய ஆத்மா வாசம் செய்வதோ மேட்டின்மேல் நிற்கும் துரை பங்களாவில். 1975ஆம் ஆண்டில் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாகி, எஞ்சியிருந்த வெள்ளைத் துரைமாரும் தாயகம் திரும்பிய பின்னரும், அவர்கள் விட்டுச்சென்ற அபிலாஷை ஒன்று மட்டும் இவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. தம் வீட்டுக் கேட்டிலிருந்து விறாந்தை வரை, பெரட்டில் நிற்கும் ஆட்களைப் போல் வரிசை பிசகாமல், ஒல்லியாகவும் உயரமாகவும் சைப்பிரஸ் மரங்கள் நிற்க வேண்டும் என்பதே அது.

ஆயினும் மரத்தைத் தெரிவு செய்வதில் அவர் அவசரப்படுபவரல்லர். உத்தியோக நிமித்தம் நுவரெலியாவுக்குப் போகும்போதெல்லாம், 1861இல் சிங்கோனா பயிரிடுவதற்கென்று ஆரம்பிக்கப்பட்ட ஹக்கலைப் பூங்காவுக்குள் நுழைந்து, அங்குள்ள சைப்பிரஸ் விருட்சங்களை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலியுடன் திரும்புவார். கலிபோர்னியாவிலிருந்து வந்த இனம், இளமையில் கூராக நின்றாலும் வயதானபின் கிளைகளைக் கண்டபடி பரப்பும் என்று அறிந்ததும், ஓய்வுபெற்ற உத்தியோகத்தரின் வயிற்றை ஞாபகமூட்டும் மரம் தமக்கு வேண்டாமென்று தள்ளிவிட்டார். மத்தியதரைக் கடலோரத்துத் தூண் சைப்பிரஸே உத்தமம் என்று தீர்மானித்த பின்னரும் ஒரு சங்கடம் முளைத்தது: விதையிலிருந்து வளர்பவை அனைத்தும் தாயைப் போல் ஒல்லியாகவே நிற்கும் என்ற நிச்சயமில்லை. ஆதலால் கட்டிங்கிலிருந்து வளர்த்த கன்றுகளே வேண்டுமென்று, தபாற்செலவை ஆபீஸ் கணக்கில் சேர்க்காமல், சொந்தப் பணத்திலேயே கடிதங்கள் எழுதினார். மரங்கள் வளர்ந்தபின் துரை பங்களா மரங்களைவிட எப்பொழுதும் ஓரடி குறைவாகவே இருக்குமாறு நுனியைக் கவ்வாத்துச் செய்துவிடுவதாகவும், ஒருவரும் கேளாமலே, இப்போதைய துரைக்கு வாக்களித்தார்.

இந்நிலையில் தோட்டத்து டாக்டர் ஐயா, ஐரோப்பாவிலும் துருக்கியிலும் இம்மரத்தை மயானங்களில் வைப்பது வழக்கம் என்று சொல்லித் தொலைத்தார். கிளாக்கருக்கு அன்றிரவு நித்திரை இல்லை. தாஜ்மகாலின் முற்றத்திலும் நீர்வாய்க்காலின் இருமருங்கும் சைப்பிரஸ் உண்டென்று மறுநாள் யாரோ ஆறுதல் கூறியதும் அவருடைய முகம் மலர்ந்தது. தாஜ்மகாலும் ஒரு கல்லறைதான் என்பது நினைவுக்கு வர, மலர்ந்த முகம் பாதியிலே நின்றுவிட்டது.

குழி தோண்டும் படலம் இன்னும் விசேஷமானது. இரத்தினபுரிப் பகுதியில் ஒருவர் முழங்காலுக்குமேல் ஆழமாக மண்ணைக் கிளறினால், அது மரம் நடுவதற்காகத்தான் என்று நம்ப எவரும் ஆயத்தமில்லை. மாலைக்குள் வேலியோரத்தில் கூட்டம் கூடிற்று. கடைக்காரர் ஒருவர் பங்குக்கு வரச் சித்தமென்று காதோடு சொன்னார். அனுமதிப்பத்திரம் இல்லாமல் மாணிக்கம் அகழ்வது குற்றமல்லவா என்று ஆபீஸிலிருந்து துண்டுக் காகிதம் வந்தது. மாணிக்கம் பொதிந்திருக்கும் இல்லம் என்னும் பரல்மண் ஒரு கைப்பிடியும் அகப்படாமல், குழிகளில் தண்ணீர் மட்டுமே ஊறியதைக் கண்ட பின்னரே ஜனங்கள் கலைந்தனர்.

அந்தத் தண்ணீரைப் பார்த்த தோட்டக்காரக் கிழவர் தயக்கத்தோடு சொன்னார்: "ஐயா, இந்த மரத்துக்கு நம்ம மழை ஆகாதுங்க. கமுகு வச்சா பாக்காவது கெடைக்கும்."

"துரை வாசல்ல கமுகு நின்னு எங்கேயாவது பார்த்திருக்கியா?" என்று கேட்டு, அந்த விவாதத்தைக் கிளாக்கர் முடித்துவைத்தார்.

வாஸ்தவம் கிழவர் பக்கமே இருந்தது. கோடை முழுவதும் உலர்ந்து கிடக்கும் தேசத்தில் பிறந்த மரம், ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் இரத்தினபுரியில், நீர் தேங்கிய களிமண்ணில் வேரழுகி நிற்கும். தென்மேற்குப் பருவம் ஒன்று கழிவதற்குள் கன்றுகள் அடியிலிருந்து பழுத்துப்போயின. அவற்றின் வேலிக்கு அப்பால், ஒருவரும் கடிதம் எழுதி வரவழைக்காத கமுகுகள், 50 அடி உயரத்துக்கு ஒரு கிளையும் இன்றி நிமிர்ந்து, கல்யாணப் பந்தல்களுக்குக் குலையும் வெற்றிலைத் தட்டுக்குப் பாக்கும் தந்துகொண்டிருந்தன. பெரிய கிளாக்கர் அவற்றை இன்னும் மரமாகவே மதிக்கவில்லை. வந்த கன்றுகள் தரமற்றவை என்று முடிவு கட்டி, அடுத்த கட்டுக்கு எழுதியிருக்கிறார்.

வாசலில் நேரான மரம் வேண்டுமென்று விரும்பும் அன்பர்கள், துரையின் ரசனையைக் கேட்பதற்கு முன் ஊரின் மழையைக் கேட்டுக்கொள்வது நலம். சப்ரகமுவ மழை கமுகுக்குத்தான் சம்மதம் தரும்.