பழைய பெட்டியில் மாடி வீடு

நிந்தவூரில் வீட்டு முகப்பை த்ரீடியில் கீறிக்கொடுப்பவருக்கு வாடிக்கையாளர் பெரும்பாலும் கட்டாரில் இருப்பார். அத்திவாரம் வெட்டுமுன்பே மாடி எப்படியிருக்கும் என்று அவர் பார்த்தாக வேண்டும், அறையில் கூட இருப்பவர்களுக்கும் காட்டியாக வேண்டும். உங்களிடமோ நாலு ஜீபீ ரெம்மும், கடற்காற்றில் திருகாணியெல்லாம் துருவேறிய டெஸ்க்டொப்பும்தான். பரவாயில்லை தம்பி, சொல்வதை அப்படியே செய்யுங்கள்.

இந்த வேலைக்கான மென்பொருள் பிளெண்டர். அதில் புதுசுக்கு ஆசைப்படாதீர்கள். 2019 ஜூலையில் வந்த 2.80 முதல், ஓபன்ஜீஎல் 3.3 தெரியாத கிராபிக்ஸ் கார்டை அது வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். 2017இல் வந்த 2.79க்கு 2.1 போதும். விலையும் இல்லை. 2002இல் டொன் ரூசண்டால் என்ற ஒல்லாந்தர், பள்ளிக்குச் சல்லி சேர்க்கிறாப்போல இணையத்தில் ஒரு லட்சம் யூரோ சேர்த்து, முதலீட்டாளர்களிடமிருந்து மூலநிரலை மீட்டு எல்லாருக்கும் திறந்துவிட்டார்.

வீட்டைக் கீறிச் சேமித்ததும் பிளெண்டரை மூடுங்கள். ஆம், மூடுங்கள். படம் செய்கிற மென்பொருள் உங்களுக்கு ஒன்றையும் காட்டாமலிருந்தால்தான் பழைய பெட்டிக்கு மூச்சு வரும். கறுப்புக் கட்டளைத் திரையில் பிளெண்டர் என்று தட்டி, சிறு கோடும் சின்ன பீயும் போட்டு, கோப்பின் பெயரைக் கொடுங்கள். பட்டனும் வராது, முப்பரிமாணக் காட்சியும் வராது. அவற்றுக்குப் போகிற நினைவகம் மிச்சம். அடுத்து ஓவுடன் படம் விழ வேண்டிய இடம். கடைசியில்தான் எஃப்பும் படத்தின் எண்ணும். சொன்னதைச் சொன்ன வரிசையில் செய்யும் பிராணி அது. எஃப்பை முன்னால் போட்டால், இடத்தைக் கேட்குமுன்பே படத்தைச் செய்து வேறெங்கோ போட்டுவிடும். சின்ன எஃப் படத்தைச் செய்யச் சொல்வது, பெரிய எஃப் கோப்பின் வகையைச் சொல்வது. பெரிய அனா, சின்ன அனா என்று படிக்காத நமக்கு இது கொஞ்சம் அநியாயம்தான்.

தங்கச்சிக்கு அதே பெட்டியில் சூம் வகுப்பு இருந்தால் நடுவில் டீயும் 1உம் சேருங்கள். செயலியின் ஒரு கருவோடு பிளெண்டர் அடங்கிவிடும். வேகம் வேண்டுமா, அகலத்தையும் உயரத்தையும் பாதியாக்குங்கள். செய்ய வேண்டிய புள்ளிகள் காலாகக் குறையும். எப்படியும் வாட்ஸப் நசுக்கித்தான் கட்டாருக்கு அனுப்பும்.

“ஊட்டச் சுத்தி வாற மாதிரி வீடியோ” என்று கேட்டால்தான் சோதனை. 10 செக்கனுக்கு, செக்கனுக்கு 24 வீதம், 240 படம். ஒன்றுக்கு ஆறு நிமிடமென்றால் சரியாக ஒரு நாள். எஃப்புக்குப் பதில் சின்ன ஏ போட்டு, இஷா தொழுதுவிட்டுத் தொடங்கினால் மறுநாள் இஷாவுக்கு முடியும், கரண்ட் சம்மதித்தால். அதைக் கேட்டு வைக்க வழியில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9இல் இலங்கையே இருண்டபோது, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததாக அமைச்சரே சொன்னார். படம் செய்ய நாள் பார்க்கும்போது இனிக் குரங்கையும் கணக்கில் எடுங்கள்.

ஆகவே வீடியோவாக எழுதச் சொல்லாதீர்கள். பாதியில் நின்றால் முழுவதும் பாழாகலாம். தனித்தனிப் பீஎன்ஜீ படங்களாக விழட்டும். கோப்பைச் சேமிக்குமுன்பே, இருக்கிற படத்தின்மேல் திரும்ப எழுதும் வசதியை அணைத்துவிடுங்கள். கரண்ட் வந்ததும் கடைசிப் படம் அரைகுறையாகக் கிடந்தால் அதை அழித்து, அதே கட்டளையைக் கொடுங்கள். முடிந்தவற்றைத் தாண்டிப்போய் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். எல்லாம் சேர்ந்ததும், அதே கறுப்புத் திரையில் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளை அழைத்தால் அவற்றை வீடியோவாகத் தைத்துவிடும்.

அனுப்பியதும் கட்டாரிலிருந்து குரல் பதிவு வரும்: “மாஷா அல்லாஹ், நல்லாரிக்கு. கேட்ட மட்டும் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளேலுமா?” தள்ளிச் சேமியுங்கள். பழைய படங்கள் அத்தனையையும் அழியுங்கள், அழிக்காவிட்டால் ஏற்கெனவே இருக்கிறதென்று எல்லாவற்றையும் தாண்டிவிடும். கறுப்புத் திரையை மூடாமல் வைத்திருந்தால் மேலம்பை இரண்டு தடவை அழுத்துங்கள்: முதலில் எஃப்எஃப்எம்பெக் வரும், அதற்கு மேலே பிளெண்டர்.